சோதனை மண்டபத்துக்குள் நுழையும் முன்



செமஸ்டர் இறுதிச் சோதனை நெருங்கிவிட்டால் எல்லாரும் உங்களுக்கு எப்படிப் படிப்பது என்றுதான் சொல்லித் தருவார்கள். விடியற்காலையில் எழு, குறிப்பெடு, பழைய வினாத்தாள்களைச் செய்து பார். எல்லாம் தேவையான பேச்சுதான். நான் எழுதப் போவது அதைப் பற்றி அல்ல. படிப்பெல்லாம் முடிந்த பிறகு வருகிற அந்த ஒரு நாளைப் பற்றி. கல்லூரியில் விரிவுரையாளராக இருப்பதால் ஒவ்வொரு செமஸ்டரும் கண்காணிப்பாளராக மண்டபத்தில் நிற்கிறேன். பாடம் தெரியாமல் புள்ளி இழப்பவர்களை விடுங்கள், அது வேறு கணக்கு. பாடம் நன்றாகத் தெரிந்தும், விதி தெரியாமல் மாட்டிக்கொள்கிற பிள்ளைகளைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அதில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்காணிப்பாளர் உங்கள் மனதைப் பார்ப்பதில்லை, உங்கள் மேசையைப் பார்க்கிறார். "நான் காப்பியடிக்கணும்னு நினைக்கவே இல்ல சார்" என்பது சத்தியமான வார்த்தையாக இருக்கலாம். ஆனால் அறிக்கையில் எழுதப்படுவது மேசையில் என்ன இருந்தது, சட்டைப்பையில் என்ன இருந்தது, எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் விதிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால்

சோதனை நாள் உண்மையில் இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தேர்வுச் சீட்டு, அதாவது எக்ஸாம் ஸ்லிப், கணினியில் திறந்த அன்றைக்கே பதிவிறக்கிப் பாருங்கள். பெயர், அடையாள அட்டை எண், மெட்ரிக் எண், பாடக் குறியீடு எல்லாம் சரியா? ஒரு பாடம் விடுபட்டிருந்தால் அன்றைக்கே போய்க் கேட்டால் அரை மணி நேர வேலை. சோதனைக்கு முதல் நாள் மாலை 5 மணிக்குக் கேட்டால் அலுவலகமே மூடியிருக்கும்.

சிலருக்கு ஸ்லிப் திறக்கவே திறக்காது. பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று வருகை. பெரும்பாலான கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் 80 விழுக்காடு வருகை இல்லையென்றால் அந்தப் பாடத்தில் சோதனை எழுத விடமாட்டார்கள். 14 வாரம், வாரம் ஒரு வகுப்பு என்றால் இரண்டு வகுப்புக்கு மேல் காரணமில்லாமல் தவறவிட முடியாது, அவ்வளவுதான். எம்.சி. இருந்தும் கொடுக்காமல் பைக்குள் வைத்திருக்கிறவர்கள் உண்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொன்று பணம். தனியார் கல்லூரிகளில் கட்டண பாக்கி இருந்தால் ஸ்லிப்பை நிறுத்தி வைப்பார்கள். பி.டி.பி.டி.என். கடன் இன்னும் கைக்கு வரவில்லை, அப்பாவுக்கு இந்த மாதம் ஓவர்டைம் இல்லை, வீட்டில் சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று பிள்ளை வாயைத் திறக்காமல் இருக்கும். கடைசி நாளில் அழுதுகொண்டு வரும். தங்கச்சி, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நிதிப் பிரிவுக்கு நேரில் போய், கடன் அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் காட்டி, தவணையில் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். பல கல்லூரிகள் அதை ஏற்றுக்கொண்டு சோதனை எழுத விடுகின்றன. மாணவர் விவகாரப் பிரிவிலும் கேளுங்கள், அவசர உதவி ஏதாவது இருக்கும். நம் இளைஞர் இயக்கக் கிளையில் ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ சொன்னாலும் கூட வந்து பேசுவார்கள். இதெல்லாம் நடக்க நாள் வேண்டும். அதனால்தான் இரண்டு வாரம் என்கிறேன்.

கால அட்டவணையைப் பாருங்கள். பார்த்தால் போதாது, கையால் ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் தாள் மற்ற நாள் மாதிரி 2 மணிக்குத் தொடங்காது. தொழுகைக்காகத் தள்ளி வைத்திருப்பார்கள். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். அங்கே ஞாயிற்றுக்கிழமை சாதாரண வேலை நாள், அன்றைக்குச் சோதனையும் இருக்கும். கிள்ளானிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ அங்கே படிக்கப் போன முதல் ஆண்டுப் பிள்ளைகள் இதில் ஏமாந்துவிடக்கூடாது. ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. ஆகவே பழைய சீனியர் சொன்னதை நம்பாமல் இந்த ஆண்டு அட்டவணையை நம்புங்கள்.

திருவிழாவும் சோதனையும்

இது நம்மவர்களுக்கே உள்ள பிரச்சினை, கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. பல பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டர் இறுதிச் சோதனை நடப்பதும் இந்தச் சுற்று வட்டத்தில்தான். தைப்பூசம் எல்லா மாநிலத்திலும் பொது விடுமுறை கிடையாது. தீபாவளிக்குக்கூட சரவாக்கில் மாநில விடுமுறை இல்லை. அங்கே படிப்பவர்கள் முன்கூட்டியே நாட்காட்டியை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருவிழா நாளிலேயே தாள் விழுந்திருந்தால், அட்டவணை வரைவாக இருக்கும்போதே துறைக்கு எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள். தனியாளாகப் போவதைவிட மாணவர் சங்கம் வழியாகப் போனால் கவனிப்பார்கள். இறுதி அட்டவணை வந்த பிறகு கோபப்பட்டு முகநூலில் எழுதிப் பயனில்லை.

காவடிக்கு நேர்ந்துகொண்டு 48 நாள் விரதம் இருக்கும் தம்பிகள் உண்டு. அந்த 48 நாளுக்குள் சோதனையும் வருகிறது. ஒரு வேளை உணவு என்று வைத்திருப்பவர்கள் வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரத் தாளுக்கு வந்து உட்கார்ந்தால் இரண்டாவது மணி நேரத்தில் எழுத்து கோணலாகிவிடும், நானே பார்த்திருக்கிறேன். பால், பழம் எடுத்துக்கொள்ள விரதம் தடுக்காத வீடுகள்தான் அதிகம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமோ குருக்களிடமோ கேட்டு, சோதனை நாட்களுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முருகன் தாமதித்து வந்தால் கோபித்துக்கொள்ள மாட்டான். டீன் கோபித்துக்கொள்வார்.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பவர்களுக்கு வேறொரு சங்கடம். கறுப்பு வேட்டி, வெறுங்கால். பெரும்பாலான மண்டபங்களில் உடை விதி இருக்கிறது, காலணி கட்டாயம். வாசலில் நின்று வாக்குவாதம் செய்தால் போவது உங்கள் நேரம்தான். குருசாமியிடம் முன்பே சொல்லி, சோதனை நேரத்துக்கு மட்டும் காலணியும் கறுப்புக் கால்சட்டையும் போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள். நான் அறிந்த குருசாமிகள் யாரும் படிப்புக்கு மறுப்புச் சொன்னதில்லை.

பிறகு விபூதிப் பொட்டலம். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்து, விபூதியை நாட்காட்டித் தாளில் மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிடுவார். பாசம்தான். ஆனால் அது எழுத்துள்ள மடித்த தாள். கண்காணிப்பாளர் ஒரு மலாய்க்கார அம்மாவாகவோ சீன ஆசிரியராகவோ இருந்தால், அவருக்கு அது தமிழில் எழுதிய துண்டுச் சீட்டு. பிரித்துக் காட்டி விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்குக் கை நடுங்கிவிடும். நெற்றியில் பூசிக்கொண்டு பொட்டலத்தைப் பூசையறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கைக்காப்புக் கயிறு பரவாயில்லை, கேட்டால் காட்டுங்கள். தாயத்துக்குள் என்ன என்று கேட்டாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர் தம் வேலையைச் செய்கிறார்.

பிள்ளையார் சுழியும் அப்படித்தான். சிறு வயதிலிருந்து பழகிய கை, பேனாவை எடுத்ததும் 'உ' போட்டுவிடும். விடைத்தாளில் கேட்ட விவரங்களைத் தவிர வேறு எந்தக் குறியும் அடையாளமும் இருக்கக்கூடாது என்பது பல தேர்வு வாரியங்களும் பல்கலைக்கழகங்களும் வைத்திருக்கும் விதி. திருத்துபவருக்கு இது யாருடைய தாள் என்று தெரியக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். தேர்வுச் சீட்டின் ஓரத்தில் போடலாமா என்றால் அதுவும் வேண்டாம், அதில் எதுவுமே எழுதக்கூடாது. விரலால் மேசைமேல் ஒரு சுழி போடுங்கள். பிள்ளையாருக்கு மை தேவையில்லை.

அன்று காலை

பசியாறிவிட்டுப் போங்கள். நாசி லெமாக் ஒரு பொட்டலம் முழுக்கச் சாப்பிட்டால் தூக்கம் வரும். இரண்டு இட்லியோ, ரொட்டியும் மைலோவுமோ போதும். தண்ணீரை அளவாகக் குடியுங்கள். கழிப்பறைக்கு அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும், ஒருவர் உடன் வருவார், முதல் அரை மணி நேரத்திலும் கடைசிக் கால் மணி நேரத்திலும் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

மண்டபத்தை முதல் நாளே போய்ப் பார்த்து வையுங்கள். ஒரே வளாகத்தில் மூன்று 'டேவான்' இருக்கும் இடங்கள் உண்டு. வெளியில் தங்கிப் படிப்பவர்கள் பயணத்தை நம்பக்கூடாது. மழை பெய்தால் கூட்டரசு நெடுஞ்சாலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எல்.ஆர்.டி. நின்றுவிட்டால் அந்த நிமிடமே கிராப் விலை ஏறிவிடும். மோட்டாரில் வருகிறவர்கள் மழைச் சட்டையோடு ஒரு மாற்றுச் சட்டையும் கொண்டு வாருங்கள். நனைந்த சட்டையோடு குளிர்சாதன மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார முடியாது. தாள் தொடங்குவதற்கு 45 நிமிடம் முன்னால் வாசலில் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானவரை உள்ளே விடுவதில்லை என்பது பல இடங்களில் விதி. உள்ளே விட்டாலும் இழந்த நேரத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.

திங்கட்கிழமை 9 மணித் தாள் என்றால் இன்னொரு தொல்லை, ராகு காலம் 7.30 முதல் 9 வரை. "ராகு காலத்துல கிளம்பாதே ஐயா" என்று பாட்டி கதவை மறிப்பார். மறுத்துப் பேச வேண்டாம். 7.15க்கே கிளம்பிவிடுங்கள். பாட்டிக்கும் திருப்தி, சாலையும் காலி.

கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை: அடையாள அட்டை, மெட்ரிக் அட்டை, ஸ்லிப், ஒரே நிறத்தில் மூன்று பேனா, அனுமதிக்கப்பட்ட கணிப்பான். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பதிவிலாகா தரும் தற்காலிக ஆவணத்தைக் கொண்டு வாருங்கள், முன்கூட்டியே தேர்வுப் பிரிவில் சொல்லிவிடுங்கள். எஸ்.டி.பி.எம். எழுதுகிற ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குத் தேர்வுப் பதிவு அறிக்கையும் அடையாள அட்டையும் தேவை. கணிப்பானின் மூடியைக் கழற்றி வையுங்கள். உட்புறத்தில் எப்போதோ பென்சிலால் கிறுக்கிய சூத்திரம் ஒன்று இருந்தால் அது இன்றைக்குக் குற்றச்சாட்டாகிவிடும். திறன் கடிகாரம் வேண்டவே வேண்டாம். நேரம் பார்க்க சாதாரணக் கடிகாரம் போதும்.

கைப்பேசி

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன். நன்றாகப் படிப்பவன். தாள் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனபோது அவன் கால்சட்டைப் பையிலிருந்து அலாரம் அடித்தது. கைப்பேசியை அணைத்துத்தான் வைத்திருந்தான். ஆனால் சில கைப்பேசிகளில் அணைத்திருந்தாலும் அலாரம் அடிக்கும். அவன் அதைத் தொடவில்லை, பார்க்கவில்லை. மண்டபத்தில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஆனாலும் அறிக்கை எழுதப்பட்டது. கைப்பேசியை உடலோடு வைத்திருப்பதே குற்றம் என்றுதான் விதி சொல்கிறது, பயன்படுத்தினால்தான் குற்றம் என்று சொல்லவில்லை. அந்தப் பாடத்தில் அவனுக்குச் சுழியம் விழுந்தது. பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படும். அதனால் தொழிற்பயிற்சி தள்ளிப்போனது, பட்டமளிப்பும் ஓராண்டு தள்ளிப்போனது.

சில நாள் கழித்து அவன் அம்மா வந்தார். தொழிற்சாலைச் சீருடையோடு, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்.

"சார், அவன் பாக்கவே இல்ல சார். நீங்களே அங்க இருந்தீங்களாம்."

"பாக்கலம்மா. எனக்குத் தெரியும். அதையும் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"அப்புறம் ஏன் சார்?"

நான் விதியைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "பையில வச்சதுக்கு ஒரு வருஷமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்டனை அதிகம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பதால் விதி மாறாது.

ஆகவே கைப்பேசியை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முடியாதென்றால் அலாரங்களை எல்லாம் நீக்கிவிட்டு, அணைத்து, வெளியில் பை வைக்கும் இடத்தில் வையுங்கள். உட்காருவதற்கு முன் இரண்டு சட்டைப்பையையும் கையால் தடவிப் பாருங்கள். தாளைத் திறப்பதற்கு முன் தற்செயலாகக் கைப்பேசி இருப்பதைக் கண்டால் உடனே கையை உயர்த்திக் கொடுத்துவிடுங்கள். தாள் தொடங்குவதற்கு முன் கொடுத்தால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். குறிப்புத் தாளோ பழைய ரசீதோ எதுவானாலும் இதே வழிதான்.

மூன்று மணி நேரம்

கணக்கு எளிது. 180 நிமிடம். வினாத்தாளைப் படிக்க 10, கடைசியில் சரிபார்க்க 10. மீதி 160. நான்கு கேள்வி, ஒவ்வொன்றும் 25 புள்ளி என்றால் ஒரு கேள்விக்கு 40 நிமிடம். அந்த 40 தீர்ந்ததும், பாதியில் இருந்தாலும் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். தெரிந்த ஒரே கேள்விக்கு ஒன்றே கால் மணி நேரம் எழுதி, கடைசிக் கேள்வியை வெறுமையாக விட்டவர்களின் தாள் என் கையில் நிறைய வந்திருக்கிறது. 25க்கு 27 யாராலும் போட முடியாது.

நான்கு மட்டும் என்று சொன்னால் நான்கு மட்டும். ஐந்து எழுதினால் முதல் நான்கைத்தான் பெரும்பாலும் திருத்துவார்கள். மலாய்மொழித் தாளில் 'ஹுராய்கான்' என்றால் விவரி, 'பண்டிங்கான்' என்றால் ஒப்பிடு, 'பின்சாங்கான்' என்றால் இரு பக்கமும் சொல்லி விவாதி. ஒப்பிடச் சொன்ன இடத்தில் விவரித்துவிட்டு வெளியே வந்து "தாள் ஈசி" என்பவர்களை நான் நம்புவதில்லை.

கூடுதல் தாள் வாங்கினால் வாங்கிய உடனே மெட்ரிக் எண்ணும் கேள்வி எண்ணும் எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் வரிசைப்படுத்தி நூலால் கட்டுங்கள். "எழுதுவதை நிறுத்துங்கள்" என்றதும் பேனாவைக் கீழே வையுங்கள். பாதி வாக்கியம் முடிக்க இரண்டு விநாடி கூடுதலாக எழுதினாலும் அது விதிமீறல்தான்.

ஏதாவது நடந்துவிட்டால்

உங்கள்மேல் சந்தேகம் வந்து கண்காணிப்பாளர் மேசைக்கு வந்தால் எழுந்து சத்தம் போடாதீர்கள். அவர் எதை எடுத்தாரோ எடுக்கட்டும். தொடர்ந்து எழுத விட்டால் எழுதி முடியுங்கள். பிறகு ஒரு பாரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பதற்றத்தில் அப்படியே போட்டுவிடாமல் முழுக்கப் படியுங்கள். மொழி புரியாவிட்டால் விளக்கச் சொல்லுங்கள். நடந்ததோடு ஒத்துப்போகாத வரி இருந்தால் உங்கள் விளக்கத்தையும் அதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அறைக்குத் திரும்பியதும் நேரம், இருக்கை எண், பக்கத்தில் யார் என்பதை எல்லாம் குறித்து வையுங்கள். ஒழுங்கு விசாரணைக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேறு வாய்ப்பு இல்லை. வீட்டிலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கடிதம் போய் அப்பா தெரிந்துகொள்வது இரண்டு பேருக்குமே கொடுமை.

காய்ச்சலோடு வந்து பாதி எழுதிவிட்டு, பிறகு "உடம்பு சரியில்லை" என்றால் எடுபடாது. எழுத முடியாத நிலை என்றால் தாளுக்கு முன்பே அரசு மருத்துவமனைக்கோ கல்லூரியின் மருத்துவ நிலையத்துக்கோ போய் எம்.சி. வாங்கி, அன்றைக்கே தேர்வுப் பிரிவுக்கு அனுப்புங்கள். கெடு பல இடங்களில் 24 அல்லது 48 மணி நேரம்தான். வீட்டில் துக்கம் என்றாலும் அப்படியே. நம் வீடுகளில் தாத்தா பாட்டி இறந்தால் அது பெற்றோர் இறந்ததற்குச் சமம், பேரன்தான் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். ஆனால் சில கல்லூரி விதிகளில் 'நெருங்கிய குடும்பம்' என்பதில் தாத்தா பாட்டி சேரமாட்டார்கள். அதனால் கிளம்புவதற்கு முன் பாட விரிவுரையாளருக்கு ஒரு அழைப்பும் தேர்வுப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், இறப்புச் சான்றிதழின் நகல் பிறகு கொடுக்கலாம். நீங்கள் அழுதுகொண்டிருப்பீர்கள், தெரியும். கூட இருக்கும் நண்பனிடம் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள்.

தாள் முடிந்து வெளியே வந்ததும் வாசலில் கூடி விடை ஒப்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள், அடுத்த தாளுக்கு அது உதவாது. முடிவு வந்த பிறகு புள்ளியில் நியாயமான சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு, கெடுவும் குறுகியது. அந்தப் பாரம் தேர்வுப் பிரிவின் முகப்பிலேயே கிடைக்கும்.